பலகாரம் சாப்பிட்டாயா என்ற கேள்வி

உயிருக்குள் உயிராய் நின்று, உடலுக்குச் சோறாய் வந்து, அந்தச் சோற்றுக்கும் முன்னதாகப் பசியாய் எழுந்தருளும் பரம்பொருளின் இணையடிகளை நெஞ்சில் இருத்தித் தொடங்குகிறேன். உண்பவனும் அவனே, ஊட்டுபவளும் அவளே என்று நாள்தோறும் நாவினால் பாடுகிறோம். அதை அடுப்படியில் கண்டு தெளிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இன்று ஐப்பசித் திங்கள் முழுநிலா நாள். ஆலயத்தில் ஐயனுக்கு அன்னாபிஷேகம். வடித்து ஆறவைத்த வெண்சோற்றால் திருமேனி முழுவதும் மூடி, தீபம் காட்டிய வேளையில் நாம் எல்லோரும் கைகூப்பி நின்றோம். பாராயணம் முடிந்து, தயிர் பிசைந்த பிரசாதத்தைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் அமர்ந்தபோது, நம்முள் ஒருவர் தம் பேரனைப் பற்றிச் சொன்னார்: "எந்நேரமும் பசி பசின்றான். மருமவ வேளாவேளைக்குப் போடறாளோ இல்லியோ, யாருக்குத் தெரியும்?" சொன்னவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அந்த 'யாருக்குத் தெரியும்' என் சிறுவயதில் ஒரு பருவம் முழுவதும் எங்கள் பிளாக்கில் உலவிய சொல். அதனால் விளைந்ததை என் வயதொத்த உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

அது முந்திரிப் பழக் காலம். மாசி போய்ப் பங்குனி பிறந்து, முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. சுரங்க நகரத்துப் பிளாக் ஒன்றில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீடு; அதில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, புகையேறிய சமையலறை ஒன்று. பழுப்பு நிலக்கரியைச் சுட்டுச் செய்த கரிக்கட்டிகள் அடுப்பில் எரியும். அவை பற்றும் வரையில் ஒரு கந்தக நெடி வீடெங்கும் சுற்றும். அந்த நெடி எழுந்தால் சோறு வரப்போகிறது என்பது எங்களுக்குப் பொருள். இன்றும் எங்கேனும் கந்தகம் மணத்தால் என் வாயில் நீர் ஊறுகிறது, சிரிக்காதீர்கள்.

நாங்கள் மூவர். அண்ணன், நான், தம்பி. மூவருக்கும் வளரும் வயது. ஆடியில் தைத்த பாவாடை தையில் கணுக்காலை விட்டு ஏறிவிடும். அம்மா மடிப்பைப் பிரித்துவிடுவார். பிரித்த இடத்தில் வெளுக்காத நீலக் கோடு ஒன்று தெரியும். அண்ணன் மரமேறி. தம்பி நடந்து நான் பார்த்ததே இல்லை. மைன்ஸ் பஸ் திரும்பும் முனைவரை அதனோடு போட்டியிட்டு ஓடுவான். தோற்றுத் திரும்பும்போதும் ஓடியே வருவான். வந்ததும் அவன் வாயில் வரும் முதல் சொல் "பசிக்குது" என்பதுதான். சோறுண்டு கை கழுவிய ஈரம் காயுமுன்னும் அதே சொல். பிளாக்கின் பின்புறத்து முந்திரி மரங்களின் கீழே விழுந்த பழங்களை உப்புத் தொட்டுத் தின்போம். தொண்டை கரகரக்கும், சட்டையில் விழுந்த சாறு எந்தச் சோப்புக்கும் போகாத கறையாகும். புளியங்கொழுந்து, பச்சைக் கடலை, அடுத்த தெருக் கொடுக்காப்புளி எதையும் விட்டதில்லை. அப்பா சொல்வார்: "ஆளுங்களுக்குத்தான் ஷிப்ட். இவனுங்க வயித்துக்கு ஷிப்டே கெடையாது, மூணு நேரமும் ஓடும்."

காலையில் எங்கள் வீட்டு உணவு பழைய சோறு. இரவே நீர் ஊற்றி வைத்ததை மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்து, நீல விளிம்புப் பீங்கான் தட்டுகளில் அம்மா போடுவார். சில நாள் கேழ்வரகுக் கூழ். சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயற்காட்டில் வளர்ந்த அம்மாவுக்கு அதுதான் காலை உணவு, எங்களுக்கும் அதுவே. மூவரும் வயிறு நிறைய உண்டுதான் பள்ளிக்குப் புறப்படுவோம்.

அடுத்த வீட்டில் கோவைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் இருந்தார். பிளாக்கில் அவரைக் கோயம்புத்தூரம்மா என்பார்கள். அவருடைய பிள்ளைகள் பெரியவர்களாகி ஊரிலேயே தங்கிப் படித்தார்கள். கணவருக்குப் பவர் ஹவுஸில் வேலை. கனிந்த மனம் உடையவர். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, பைக்கட்டோடு வாசலைக் கடந்த எங்களை நிறுத்திக் கேட்டார்.

"ஏங்கண்ணு, பலகாரம் சாப்பிட்டாச்சா?"

தம்பி உடனே சொன்னான்: "இல்லீங்க."

"அட சாமி! ஒண்ணுமே சாப்பிடலீங்களா? நீ, பாப்பா?"

"பலகாரம் ஒண்ணும் இல்லீங்க" என்று நானும் சொன்னேன்.

எங்கள் வழக்கில் பலகாரம் என்றால் எண்ணெய்ச் சட்டி ஏறவேண்டும். முறுக்கும் அதிரசமும் சுழியமுமாக, தீபாவளியோ ஒரு சீமந்தமோ வரவேண்டும். சாதாரணப் புதன்கிழமையில் பலகாரம் உண்டாயா என்றால் இல்லை என்பதைத் தவிர வேறு என்ன விடை சொல்வது? ஆனால் அவருடைய ஊரில் பலகாரம் என்பது காலையில் உண்ணும் இட்டிலியும் தோசையும். பலகாரம் சாப்பிடவில்லை என்றால் காலையில் பச்சைத் தண்ணீரும் இறங்கவில்லை என்று பொருள். நானாவிதமான மாவட்டத்தாரையும் ஒரே சுவருக்கு இருபுறமும் குடிவைத்த அந்த நகரத்தில் ஒரே சொல் இரண்டு வீட்டில் இரண்டு பொருளோடு குடியிருந்தது. அதை யாரும் அறியவில்லை.

அவர் எங்களை உள்ளே அழைத்து, ஆளுக்கொரு தட்டில் இட்டிலி வைத்துத் தேங்காய்ச் சட்டினி ஊற்றினார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் இல்லை என்றோம், மறுநாளும் இட்டிலி. வயிற்றில் பழைய சோறு இருக்கிறதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது இட்டிலிக்கு இடைஞ்சலாக இருந்ததே இல்லை.

தம்பி உண்ணும் வேகத்தைக் கண்டு அவருக்குக் கண் கலங்கியிருக்கிறது. எதிர் வீட்டில் ஓர் அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் தம் கணவரிடம். அவர் மைன்ஸ் பஸ்ஸில், அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, மெதுவாகக் கேட்டாராம்: "ஏம்ப்பா, உங்க வூட்டம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? புள்ளைங்க காலைல வெறும் வயித்தோட போவுதுன்னு பேசிக்கிறாங்க."

அப்பாவின் நிலையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முதல் ஷிப்ட் வாரங்களில் நாங்கள் எழுமுன் அவர் போய்விடுவார். இரண்டாம் ஷிப்ட் என்றால் நள்ளிரவில் வந்து, நாங்கள் புறப்பட்ட பின்னரே எழுவார். இரவு ஷிப்ட் என்றால் நாங்கள் உண்ணும் நேரத்தில் வந்து படுத்துவிடுவார். தம் பிள்ளைகள் காலையில் என்ன உண்கிறார்கள் என்பதை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆகவே மறுத்துச் சொல்லவும் அவரிடம் ஒன்றுமில்லை. அம்மாவை நேரே கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அடுத்த ஓய்வு நாளில் குறிஞ்சிப்பாடிக்குப் போய்த் தம் அக்காவிடம் சொன்னார்.

அந்த அத்தைக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் தறி ஓடும், பால் மாடு உண்டு, நெல் வரவும் உண்டு. உண்ணப் பிள்ளைதான் இல்லை. தம்பியைத் தம்மிடம் விடும்படி முன்பே ஒருமுறை கேட்டு, அம்மா சிரித்து மழுப்பியிருந்தார். இப்போது அத்தை கேட்கவில்லை, சொல்லியனுப்பினார்: பரீட்சை முடிந்ததும் வருகிறேன், சின்னவனுக்கு டி.சி. வாங்கி வையுங்கள், இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம்.

அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது நான் கதவருகே பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன், எம் புள்ளைய நான் வளக்க மாட்டனா?" என்றார் அம்மா.

"வளக்கற லச்சணம்தான் பிளாக் முழுக்கப் பேசிகினு இருக்குதே. அரைவயித்துக்குப் போடறன்னு."

பால் வாங்கும் வரிசையில் தாம் சென்று நின்றதும் பேச்சு நின்றுபோவது ஏன் என்பது அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். அன்று முதல் எங்கள் தட்டில் சோறு கூடிற்று. குழம்புச் சோறு முடிந்ததும் ரசச் சோறு, அது முடிந்ததும் மோர்ச் சோறு, போதும் என்றாலும் ஒரு கை. பள்ளியிலிருந்து வந்ததும் சோற்றுருண்டை. உண்டுவிட்டு நாங்கள் மீண்டும் ஓடினோம். ஓடியதால் மீண்டும் பசித்தது. தம்பி தெருவில் நின்று அதை உரக்க அறிவித்தான். அவன் அறிவிக்கும்போதெல்லாம் அம்மா எட்டிப்பார்த்து, எதிர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று நோக்குவார். வளரும் பிள்ளைக்குப் பசிப்பது உடலின் இயல்பு. பசிக்கிறது என்று சொல்வதாலேயே அந்தப் பிள்ளைக்குச் சோறு கிடைக்கவில்லை என்று முடிவு கட்டியவர்கள் பெரியவர்கள்.

பரீட்சை முடிந்த மறுநாளே அத்தை வந்து இறங்கினார். கையில் இரண்டு பைகள்: ஒன்றில் பண்ருட்டிப் பலாச்சுளை, மற்றொன்று வெறும் பை. தம்பியின் துணிகளை வைக்க அது. வந்தவர் செருப்பைக் கழற்றியதும் தம்பியைப் பிடித்து விலாவைத் தடவினார்.

"பாருடா, எலும்பு எண்ணலாம்! ஏண்டா, எங்கூட வரியா?"

தம்பி சுளையைக் கடித்தபடி யோசித்தான். "அங்க பக்கத்து வூட்ல யாரு இருக்காங்க அத்தை?"

"பக்கத்து வூடு எதுக்குடா ஒனக்கு?"

"காலைல இட்லி அங்கதான?"

அத்தை அம்மாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "கேட்டியா? புள்ள வாயாலயே வந்துது." பிறகு அப்பா பக்கம் திரும்பி, "கூப்புடு அந்தப் பக்கத்து வூட்டம்மாவ. நானும் நாலு வார்த்த கேக்கறேன்" என்றார்.

கோயம்புத்தூரம்மா வந்து சுவரோரம் நின்றார். சாட்சி சொல்ல வந்தவர்போல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நான் பொல்லாங்கு பேசறவ இல்லீங்க. தெனமும் கேப்பனுங்க, பலகாரம் சாப்பிட்டீங்களா கண்ணுன்னு. மூணும் இல்லீங்கன்னுதான் சொல்லும். பச்சப் பிள்ளைக பொய்யா சொல்லும்?"

அம்மா நிமிர்ந்தார். "இன்னா கேப்பீங்க?"

"பலகாரம் சாப்பிட்டாச்சான்னுதானுங்க."

"பலகாரமா? தெனம் பலகாரம் சுடறதுக்கு எங்க வூட்ல இன்னா தெனம் தீவாளியா?"

"தீவாளி எதுக்குங்க? காலைல பிள்ளைகளுக்கு ஏதாச்சும் வயித்துக்குப் போடோணுமில்ல?"

"போடாம? பழைய சோறு, கட்டியா மோரு ஊத்தி, ஆளுக்கு ஒரு தட்டு. துன்னுட்டுத்தான் தட்டக் கழுவி வெச்சிட்டுப் போவுதுங்க!"

கோயம்புத்தூரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "ஏன் சாமி, சோறு தின்னுபோட்டா வருவீங்க?"

"ஆமாங்க" என்றான் தம்பி.

"பின்ன ஏன் இல்லைன்னீங்க?"

"நீங்க சோறு துன்னியான்னு கேக்கவே இல்லியே!" என்றான் அண்ணன்.

முதலில் சிரித்தவர் அப்பா. அத்தை முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். கோயம்புத்தூரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்க ஊர்ல இட்டிலி, தோசையத்தானுங்க பலகாரம்போம். அய்யோ, நான் ஒரே ஒருத்தருகிட்டத்தான் சொன்னனுங்க!"

"பிளாக்ல ஒருத்தருகிட்ட சொன்னாப் போதும்" என்றார் அப்பா. "அடுத்த ஷிப்ட் சங்கு ஊதறதுக்குள்ள மைன்ஸுக்கு வந்துடும்."

அத்துடன் வழக்கு முடிந்தது என்று அண்ணன் எழுந்தான். அத்தை எழவில்லை. "சொல்லு மாறிப்போச்சி, சரி. ஆனா புள்ள இன்னும் பசிக்குதுன்னுதான சொல்றான்? நான் நாலு நாள் இருந்து என் கண்ணால பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்." வெறும் பை கதவுப் பின்னால் ஆணியில் தொங்கிற்று. அம்மா போகவர அதைப் பார்த்தார்.

அத்தை பார்த்தார், வேறு வேலையே இல்லாமல் பார்த்தார். தம்பி காலையில் பழைய சோறு உண்டதையும், சற்றைக்கெல்லாம் முந்திரிப் பழத்தோடு வந்ததையும், நண்பகலில் மூன்றுமுறை தட்டை நீட்டியதையும், மாலையில் சோற்றுருண்டைக்கு அண்ணனோடு சண்டையிட்டதையும் பார்த்தார். "டேய், இது வயிறாடா, மைன்ஸுல மண்ண வாரிப்போடுதே அந்தச் சக்கர மெஷினா?" என்று கேட்டார். அவர் குரலில் குற்றம் குறைந்து வியப்பு கூடியிருந்தது.

ஒரு மதியம் எங்களுக்கும் தமக்கும் பரிமாறிய அம்மாவை, "நீயும் ஒக்காரேன்" என்றார் அத்தை.

"நீங்க சாப்புடுங்க அண்ணி. நான் அப்புறமா."

நாங்கள் கை கழுவிய பின்னர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு அத்தை சமையலறைக்குள் போனார். நான் எச்சில் தட்டுகளோடு பின்னால் போனேன். அம்மா அடுப்போரம் குந்தி, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். குண்டான் கவிழ்த்திருந்தது. அத்தை அதை நிமிர்த்திப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. பிறகு குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். வளையல்கள் வழுக்கிக்கொண்டு முழங்கை வரை இறங்கின.

"எத்தினி நாளா இப்புடி?"

அம்மா கையை இழுத்துக்கொண்டு வளையல்களைச் சரிசெய்தார்.

"அரிசி கூடப் போட்டா இன்னா? எந்தம்பிகிட்டக் கேட்டா வாங்கிக் குடுக்க மாட்டானா?"

"எப்புடிக் கேக்கறது அண்ணி?" என்றார் அம்மா. "ஊரே அரைவயித்துக்குப் போடறான்னு பேசும்போது, அரிசி பத்தலன்னு நானே சொன்னா, அது நெசம்னு ஆயிடாதா?"

பிள்ளைகள் வளர்ந்தார்கள், கல்யாணத்துக்கு வந்த அந்தக் குண்டான் வளரவில்லை. ஊர்ப்பேச்சு முழுவதும் எங்கள் மூவரின் வயிற்றைச் சுற்றியே நடந்தது. பேசியவர்களில் ஒருவரும், அப்பா உட்பட, இந்த அம்மாள் உண்டாளா என்று கேட்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோக வந்தவருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

அன்று மாலை, ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் அத்தை வெறும் பையை நீட்டினார். "இந்தாடா, இதுல உம் பொண்டாட்டி பொடவைய வையி. இந்த வூட்லருந்து ஒருத்தர இட்டுகினு போயி சோறு போடணும்னா அது இவதான். கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்."

"புள்ளைங்க?"

"நீ பெர்மனென்ட் ஆளுதான? லீவு போடு. வூட்ல இருந்து போட்டுப் பாரு."

அம்மா மறுத்தார், அத்தை விடவில்லை. மறுநாள் இருவரும் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினார்கள். தம்பி பஸ்ஸோடு முனைவரை ஓடி, திரும்பி ஓடிவந்து, அப்பாவிடம் சொன்னான்: "பசிக்குது."

அப்பா அந்தக் குண்டானில்தான் உலை வைத்தார். குழைந்த சோற்றை எங்களுக்குப் போட்டு, நாங்கள் கேட்கக் கேட்கப் போட்டு, கடைசியில் தமக்குப் போட அகப்பையை விட்டார். குண்டானின் அடியில் அகப்பை உரசும் ஒலி கேட்டது. சிறிதுநேரம் குண்டானுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல அவளுக்கு இன்னா மிஞ்சியிருக்கும்?" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பின்னர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். ஓர் அரிசிப் பையும், அதைவிடப் பெரிய அலுமினியக் குண்டானும் தோளிலும் இடுப்பிலுமாகக் கொண்டுவந்தபோது, வாசலில் நின்ற கோயம்புத்தூரம்மா கேட்டார்: "ஏனுங்க, கல்யாண வேலைங்களா?" அப்பா சொன்னார்: "இல்லீங்க. மூணு புள்ளைங்க."

அம்மா திரும்பி வந்த அன்று மாலை, புதிய குண்டானில் அப்பாவே வடித்திருந்தார். கத்தரிக்காய்க் குழம்பில் புளி சற்றுத் தூக்கல். முன்னறையில் தட்டுகளைப் பரப்பிவிட்டு, "நீ ஒக்காரு" என்றார். அம்மா கூச்சத்தோடு சமையலறைப் பக்கம் பார்த்தார். "அங்க ஒண்ணும் இல்ல, ஒக்காரு" என்றார் மறுபடியும். எங்களோடு ஒரே வரிசையில், தம்பிக்குப் பக்கத்தில் அம்மா அமர்ந்தார். முதல் சோறு அவர் தட்டில் விழுந்தது. தலை நிமிராமல், எங்களைக் கவனிக்காமல், எதிர் வீட்டுக் கதவை நோக்காமல், பிசைந்து பிசைந்து உண்டார். தட்டு வெறுமையாயிற்று. அப்பா அகப்பையோடு எங்கள் பக்கம் குனிந்திருந்தார்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார் அம்மா.

தம்பிக்குக்கூட அது வியப்பாக இருந்தது. வாயில் வைத்த கையோடு திரும்பிப் பார்த்தான். அப்பா குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

இதைப் படிப்போர் அனைவர் இல்லத்தும் உலை ஓயாது கொதிக்க. ஓடி விளையாடும் பிள்ளைகளுக்குப் பசியும், பசித்த வேளையில் சோறும் குறையாது கிட்டுக. பரிமாறும் கைகளுக்கு உரியவர்களும் வயிறார உண்டு நெடிது வாழ்க. எல்லா உயிரிலும் பசியாய் நிற்பவன் திருவருள் உங்களைக் காக்க.